அழகாக அழவைப்பவர்களுக்கு ஒரு கணக்குப் பாடம்

ஆவணப்படம் எடுக்க ஒரு சுலபமான சமையல் குறிப்பு தருகிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைச் சூரியன் ஒன்று. வெடித்த பாதம் இரண்டு (குளோசப்பில்). புல்லாங்குழல் தேவையான அளவு. நடுவில் ஒரு பாட்டி, கேமராவைப் பார்க்காமல் தூரத்தில் எதையோ பார்க்க வேண்டும். கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் "இவர்கள் வாழ்வில் விடியல் எப்போது?" என்று போட்டு இறக்கிவிடுங்கள். கல்லூரி விழாவில் கோப்பை நிச்சயம்.

கிண்டல் என்று நினைக்க வேண்டாம். (சரி, கொஞ்சம் கிண்டல்தான்.) எங்கள் வகுப்பில் ஒரு கோஷ்டி குறும்படப் போட்டிக்காக மரக்காணம் உப்பளத்தில் படம் எடுக்கப் போகிறது. "நீ அந்தப் பக்கத்து ஆளுதானே மச்சி, ஸ்கிரிப்ட் எழுதிக் குடு" என்று என்னிடம் கேட்டார்கள். கேன்டீனில் வைத்துப் பதில் சொன்னால் டீ ஆறிவிடும், சண்டையும் வந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். உழைக்கிற மக்களைப் படம் எடுக்கிறவர் அவர்கள் படும் கஷ்டத்தைக் காட்டினால் மட்டும் போதாது. அந்தக் கஷ்டத்தால் யாருக்கு லாபம் என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அதைக் காட்டாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதிக் கணக்குதான். பி.காம். படிக்கிறவனுக்குப் பாதிக் கணக்கு என்றால் தப்புக் கணக்கு.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் இடையஞ்சாவடி. ஆரோவில்லை ஒட்டிய ஊர் என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் பிடிபடும். 1968-இல் ஆரோவில் தொடங்கியதிலிருந்து உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து போகிற வட்டாரம் இது. அதனால் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கேமரா ஒன்றும் அதிசயம் இல்லை. செம்மண் சாலை, முந்திரித் தோப்பு, தலையில் புல்லுக்கட்டோடு வருகிற அம்மா... எது படமாகும் என்று எங்கள் ஊர்ச் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்.

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணம். சாலையில் போகும்போதே உப்பளம் கண்ணில் படும். கட்டம் கட்டமாகப் பாத்திகள், வரப்பு ஓரமாக வெள்ளைக் குவியல்கள். காரில் போகிறவர்கள் இறங்கி செல்ஃபி எடுப்பார்கள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. உவர்நீரைப் பாத்தியில் விட்டு, வெயிலில் வற்றவிட்டு, பூத்து நிற்கிற உப்பை நீளமான மரப்பலகையால் இழுத்து வரப்பில் சேர்க்க வேண்டும். பிறகு கூடையிலோ சட்டியிலோ அள்ளித் தலையில் சுமந்துபோய்க் குவிக்க வேண்டும். மழை வந்தால் பாத்தியில் இருப்பது கரைந்து போகும், வேலையும் நின்றுபோகும். வெயில் கொளுத்தினால் உற்பத்தி நன்றாக இருக்கும், வேலை செய்கிறவரின் கண்ணும் காலும் கெடும். இரண்டில் எது நடந்தாலும் அடி வாங்குவது ஒரே ஆள்தான்.

என் சித்தியைக் கட்டிக்கொடுத்தது மரக்காணம் பக்கம். சீசனில் அவரும் அளத்து வேலைக்குப் போவார். படம் எடுக்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எத்தினியோ பேரு வந்து எடுத்துட்டுப் போறாங்களே, அதையெல்லாம் எங்கடா காட்டுறாங்க?" என்னிடம் பதில் இல்லை. எடுத்தவர்களிடமாவது இருக்குமா என்று தெரியவில்லை.

இப்போது கணக்குப் பாடம். பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் எடுத்தவர்களுக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுப்பது இரட்டைப் பதிவு முறை. பெறுபவர் கணக்கில் பற்று எழுது, கொடுப்பவர் கணக்கில் வரவு எழுது. ஒருவர் கொடுத்தால் இன்னொருவர் பெற்றிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் இருப்பாய்வு ஒத்துப்போகாது. நாம் பார்க்கிற பெரும்பாலான "எளிய மனிதர்கள்" படங்களில் கொடுப்பவர் மட்டும்தான் இருக்கிறார். உழைப்பைக் கொடுக்கிறார், தூக்கத்தைக் கொடுக்கிறார், கால் தோலைக் கொடுக்கிறார். பெறுபவர் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அப்படியென்றால் கொடுத்ததெல்லாம் எங்கே போனது? காற்றிலா?

கணக்கு ஒத்துப்போகாவிட்டால் தற்காலிகமாக ஒரு வழி உண்டு. வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போடுவோம். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை அது அங்கே இருக்கும். நம் படக்காரர்களிடமும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அதன் பெயர் "சமூகம்". சில படங்களில் "விதி". ரொம்ப அறிவாளித்தனமான படமாக இருந்தால் "நாம் எல்லோரும்". எல்லோரும் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் யாரும் குற்றவாளி இல்லை. பார்ப்பவருக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வசதி. அனாமத்திலேயே கணக்கை முடித்தால் எங்கள் சார் பேப்பரைக் கிழித்துவிடுவார். ஆவணப்படத்துக்கு மட்டும் விருது கொடுக்கிறோம்.

இரண்டு பக்கமும் எழுதிய படம் ஒன்றைச் சொல்கிறேன். திவ்யபாரதியின் "கக்கூஸ்". 2017-இல் வந்தது. மனிதக் கழிவை மனிதர் அள்ளும் வேலையைப் பற்றித் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் அலைந்து எடுத்த படம். சிலரால் பத்து நிமிடம்கூடத் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாதபடிதான் எடுத்திருக்கிறார். மென்மையான இசையைப் போட்டு மலத்தை மறைக்கவில்லை.

ஆனால் நான் அந்தப் படத்தைத் தூக்கிப் பேசுவது அதன் அருவருப்புக்காக இல்லை. அது ஒவ்வொரு இடத்திலும் பெறுபவரைத் தேடுகிறது. இந்த வேலைக்கு உன்னை அனுப்பியது யார்? நகராட்சியா, கான்ட்ராக்டரா? கையுறை ஏன் இல்லை? சம்பளம் எவ்வளவு? ஏன் திரும்பத் திரும்ப அதே சாதியினரே இந்த வேலையில் இருக்கிறார்கள்? 1993-இலேயே இதைத் தடுக்க மத்திய அரசு சட்டம் போட்டது. 2013-இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. 1993-க்குப் பிறகு கழிவுநீர்க் குழியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போக, இன்னொரு பக்கம் ஆள் குழியில் இறங்கிக்கொண்டே இருக்கிறார். "கக்கூஸ்" நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கணக்கை முழுதாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே படம்தான் உதாரணம். பல இடங்களில் திரையிட போலீஸ் அனுமதி தரவில்லை. படத்தை யூட்யூபில் போட்டார்கள். 2017 ஜூலையில் திவ்யபாரதி கைது செய்யப்பட்டார். எந்த வழக்கில் தெரியுமா? 2009-இல் அவர் மாணவியாக இருந்தபோது கலந்துகொண்ட ஒரு போராட்ட வழக்கில்! எட்டு வருடம் தூங்கிய வழக்கு, படம் வந்த சில மாதங்களில் சரியாகக் கண் விழித்தது. படம் தங்கள் சாதியை இழிவுபடுத்துகிறது என்று ஒரு தரப்பு புகார் கொடுத்தது. போனில் மிரட்டல்களும் ஆபாச வசவுகளும் வந்தன. புல்லாங்குழல் படம் எடுத்தவர் யாரையாவது போலீஸ் தேடிப்போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு படம் யாரையும் கோபப்படுத்தவில்லை என்றால், அதில் பெறுபவர் பக்கம் காலியாக இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அடுத்து எல்லோரும் பார்த்த ஒரு படம். "தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்". முதுமலை தெப்பக்காட்டு முகாமில் யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றியது. 2022 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. நானும் பார்த்தேன், நானும் கலங்கினேன். ரகு குட்டியைப் பிரிகிற இடத்தில் கலங்காதவர் மனிதரே இல்லை. இயக்குநர் கார்த்திகி கோன்சால்வ்ஸின் உழைப்பையும் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் படத்தில் பாசம் இருக்கிற அளவுக்கு வேலை இல்லை. அதாவது, அவர்கள் செய்வது ஒரு வேலை, அதற்கு ஒரு முதலாளி உண்டு, அந்த முதலாளி வனத்துறை என்ற கோணம் படத்தின் கவலை அல்ல. சம்பளம் என்ன, வேலை நிரந்தரமா, தங்கும் வீடு எப்படி? இதெல்லாம் ஆஸ்கருக்குப் பிறகுதான் மேலே வந்தது. தமிழக அரசு அவர்கள் இருவருக்கும் தலா ஒரு லட்சம் கொடுத்தது. இரண்டு முகாம்களிலும் உள்ள 91 பாகன்கள், காவடிகளுக்கும் தலா ஒரு லட்சமும் வீடு கட்ட நிதியும் அறிவித்தது. பெள்ளி மாநிலத்தின் முதல் பெண் காவடியாக நியமிக்கப்பட்டார். நல்ல விஷயம். ஆனால் யோசித்துப் பாருங்கள், 91 பேருக்கு வீடு தேவை என்பது அமெரிக்காவில் ஒரு பொம்மையைக் கையில் வாங்கிய பிறகுதான் நமக்குத் தெரியவேண்டுமா?

அதே வருடம் ஆகஸ்டில் அந்தத் தம்பதியின் தரப்பிலிருந்து படக்குழுவுக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் போனது, 2 கோடி ரூபாய் கேட்டு. படத்தில் வரும் கல்யாணக் காட்சிக்குத் தங்கள் சேமிப்பிலிருந்து செலவு செய்ததாகவும் சொன்னார்கள். தயாரிப்புத் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. கொஞ்ச நாளில் பொம்மனே பின்வாங்கியதாகச் செய்தி வந்தது. யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் நீதிபதி இல்லை. எனக்குப் பட்டது வேறு. படம் எடுக்கிறவருக்கும் எடுக்கப்படுகிறவருக்கும் நடுவிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் உண்டு. அதை ஆரம்பத்திலேயே பேசி எழுதி வைக்காவிட்டால், பிறகு பாசம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

"உப்பைப் பற்றியே ஒரு அழகான படம் இருக்கிறதே, அதையும் திட்டுவாயா" என்று நம் கோஷ்டி கேட்கும். இருக்கிறது. ஃபரிதா பச்சாவின் "மை நேம் இஸ் சால்ட்", 2013. குஜராத்தின் சின்ன ரண் பாலைவனத்துக்கு வருடம் தோறும் எட்டு மாதம் குடிபெயர்ந்து உப்பு எடுக்கிற குடும்பங்களின் கதை. ஆம்ஸ்டர்டாம் விழாவில் விருது வாங்கியது. பின்னணிக் குரல் வைத்து வியாக்கியானம் செய்யாது. வேலையை வேலையாக, அவசரப்படாமல், மரியாதையோடு காட்டும். அதனால் அதைத் திட்ட மாட்டேன். உழைப்பைப் பொறுமையாகப் பார்க்கவே ஒரு படம் நம்மைப் பழக்கினால் அதுவும் பெரிய காரியம்தான். என் சண்டை அதைப் பார்த்துவிட்டு வெயிலையும் வெள்ளையையும் மட்டும் காப்பி அடிக்கிறவர்களோடு. ரண் உப்புத் தொழிலாளி இறந்தால் உடம்பெல்லாம் எரிந்தும் பாதம் மட்டும் எரியாது என்று ஒரு கதை உண்டு. உப்பைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அதை எழுதுகிறார்கள். சரி, அந்தப் பாதத்துக்குச் சொந்தக்காரருக்கு ஒரு டன்னுக்கு என்ன கொடுத்தார்கள், அது கடையில் பாக்கெட் ஆகும்போது என்ன விலை? அதை எழுதியவர்கள் எத்தனை பேர்?

உப்பை வைத்து இந்த நாட்டில் நடந்த பெரிய போராட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930-இல் காந்தி தண்டிக்கும், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கும் நடந்தார்கள். உப்பு எடுக்கிறவன் பாவம் என்று சொல்லவா நடந்தார்கள்? வரி வாங்குகிறவன் யார் என்று கையை நீட்டிக் காட்ட நடந்தார்கள். பெறுபவர் பெயர் தெரிந்ததால்தான் அது போராட்டம். தெரியாமல் இருந்திருந்தால் அதுவும் ஒரு சோகப் பாட்டாகப் போயிருக்கும்.

இதற்கு வரப்போகிற மறுப்புகள் எனக்குத் தெரியும்.

முதல் மறுப்பு: "கலை என்ன கணக்குப் புத்தகமா?" இல்லைதான். ஆனால் ஆவணம் என்ற சொல்லை நீங்கள்தான் முன்னால் ஒட்டிக்கொண்டீர்கள். கதைப்படம் எடுங்கள், நான் கணக்குக் கேட்க மாட்டேன். நிஜமான ஆளின் நிஜமான முகத்தைக் காட்டிவிட்டு, அவருடைய கூலி மட்டும் கலைக்கு ஒவ்வாத விஷயம் என்றால் எப்படி? கணக்கு கேட்டால் படம் வறண்டுபோகும் என்பதும் பொய். 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் சிதறித் தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். அதைப் பற்றி ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த "நதியின் மரணம்" படத்தில் கூலி, எஸ்டேட், போலீஸ் எல்லாம் இருக்கிறது. பார்த்தவர்களைக் கேளுங்கள், வறட்சியாகவா இருந்தது என்று.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. "பெறுபவர் பெயரைச் சொன்னால் அடுத்த நாள் வேலை போவது தொழிலாளிக்குத்தானே? நீ படம் எடுத்துவிட்டுப் போய்விடுவாய்." உண்மை. இதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் யாருடைய முகத்தை மறைப்பது என்று பாருங்கள். கூலி சொல்கிறவரின் முகத்தை மறைக்கலாம், குரலை மாற்றலாம். நிலம் யாருடையது, குத்தகை யாருக்கு என்பதைத் தொழிலாளி வாயால்தான் கேட்க வேண்டும் என்று இல்லை. அரசாங்கப் பதிவேடு இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது, மனு போடப் பத்து ரூபாய்தான். அந்த அலைச்சல் படம் எடுக்கிறவருடையது. இப்போது நடப்பது நேர்மாறு. தொழிலாளியின் முகம் குளோசப்பில், முதலாளியின் முகம் மறைவில்.

ஆனந்த் பட்வர்தனின் "பம்பாய் அவர் சிட்டி" (1985) படத்தில் ஒரு இடம் வரும். குடிசையை இடித்துப் பறிகொடுத்த ஒரு பெண் படம் எடுக்கிறவர்களையே திட்டித் தீர்ப்பார். எங்களை எடுத்து உங்களுக்குப் பெயர் கிடைக்கும், எங்களுக்கு என்ன கிடைக்கும் என்கிற மாதிரி. பட்வர்தன் அதை வெட்டவில்லை, படத்திலேயே வைத்தார். கொடுப்பவர், பெறுபவர் கணக்கில் தன் பெயரையும் எழுதிய ஆள் அவர். பெறுபவர் வரிசையில் படம் எடுக்கிறவரும் நிற்கிறார் என்பதை ஒத்துக்கொள்ள இந்தத் தைரியம் வேண்டும்.

ஆகவே மச்சிகளே, மரக்காணம் போங்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போனால் இவற்றையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். அளம் இருக்கிற நிலம் யாருடையது, குத்தகை யார் பேரில்? கூலி நாளுக்கா, எடைக்கா? பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலியா? மழைக்கால மூன்று மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது? அந்தக் காலத்துக்கு அரசு அறிவித்த 5000 ரூபாய் நிவாரணம் யார் யாருக்குக் கைக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, ஏன்? குவியலிலிருந்து லாரி ஏறும்போது விலையைச் சொல்வது யார்? இதெல்லாம் கிடைத்தால் சூரிய உதயத்தையும் தாராளமாக வையுங்கள். வேலை தொடங்கும் நேரம் என்ன என்றாவது அது சொல்லும்.

கடைசியாக ஒன்று. நம் மொழியில் சென்சாருக்கும் தணிக்கை என்றுதான் பெயர், ஆடிட்டிங்குக்கும் தணிக்கை என்றுதான் பெயர். "கக்கூஸ்" மாதிரிப் படங்களுக்கு முதல் வகைத் தணிக்கை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து தானாகவே வந்து சேரும். இரண்டாவது வகையை நாம்தான் கூப்பிட வேண்டும். படத்தின் முதல் காட்சியை ஏசி அரங்கில் நடுவர்களுக்குப் போடாதீர்கள். மரக்காணத்தில் ஏதாவது ஒரு தெருவில் வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டுங்கள். கைதட்டல் கிடைக்காமல் போகலாம். "கூலியைத் தப்பா சொல்லியிருக்க தம்பி" என்று ஒரு அக்கா எழுந்து சொல்வார். திருத்திக்கொண்டு அப்புறம் போட்டிக்கு அனுப்புங்கள். "எங்கடா காட்டுறாங்க" என்று கேட்பவர்களுக்கு அன்றைக்காவது ஒரு பதில் இருக்கும்.

டிஸ்கி: ஸ்கிரிப்ட் எழுதித் தர மாட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. புல்லாங்குழலை எடுத்துவிட்டு வாருங்கள், பேசலாம் :-)